குப்பி வலை

விசில்காரர் அன்று காலை துப்பாக்கிச் சங்கத்துக்குள் நுழைந்தபோது, சிமென்டில் இழுத்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், சரளைக்கல் தரையின்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு விரித்துக் கிடந்தது. பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட விரிப்பு. மூலைக்கு ஒரு செங்கல் வைத்திருந்தது. அந்தப் பூக்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தங்கை வீட்டுக் கட்டிலில் பல வருடம் கிடந்தவை.

"என்ன மாப்ள, துப்பாக்கி சுடுற இடத்துல படுக்கையப் போட்டிருக்கீங்க? தங்கச்சி வீட்ட விட்டு வெரட்டிட்டாளா?"

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "குப்பிக்கு மச்சான். கல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. இதுல விழுந்தா அப்படியே நாலு மூலையையும் பிடிச்சுத் தூக்கிடலாம்" என்றார்.

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுப் பித்தளை உறையை அங்கே எல்லோரும் குப்பி என்பார்கள். பிஸ்டல் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ஒன்றை வலப்பக்கமாகத் துப்பும். அது சிமென்ட் தரையில் விழுந்து குதித்து, கோட்டைத் தாண்டி உருண்டு, சரளைக்குள் புகுந்துகொள்ளும். அதற்கும் அப்பால் போனால் புல். காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தால்தான் சங்கத்துக்குப் புதுத் தோட்டா வரும் என்பது மேலிடத்துச் சட்டம். ஒன்று குறைந்தாலும் உறுப்பினர்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் குனிந்து தேட வேண்டியதுதான். அப்படி யாரும் குனியாமல் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளையின் வேலை. அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் சுற்றுச்சுவரோரத்து இரண்டு அறை வீடு.

விசில்காரருக்கு வேறு வேலை. கோட்டின் ஒரு முனையில் நிற்பார். நீளமாக ஒருமுறை ஊதினால், எல்லோரும் துப்பாக்கியைக் காலிசெய்து மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். மாப்பிள்ளை வாளியோடு கோட்டைத் தாண்டிப் போவார். அவர் திரும்பி வந்த பிறகு விசில்காரர் சின்னதாக இரண்டு முறை ஊதுவார். மறுபடியும் வெடிக்கும். ஒரு நாளின் பேச்சு முழுவதும் அந்த இரண்டு ஊதலுக்குள் முடிந்துவிடும். அவருக்கு அது பிடித்திருந்தது. வீட்டிலும் அதிகம் பேசாதவர்.

விரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சூட்டோடு விழுந்த குப்பிகள் ரோஜாப்பூவுக்கெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கருப்பு வைத்தன. காற்றடித்தால் செங்கலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. அடுத்தபடியாக ஒரு குடை வந்தது. கைப்பிடி ஒடிந்த பெரிய கருப்புக் குடை. அதை விரித்துத் தலைகீழாக்கி, மேசைக்கு வலப்புறம் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டார் மாப்பிள்ளை.

கடைசி மேசையில் எப்போதும் சுடுகிற பல் டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நான் இதுவரைக்கும் குடைய மழைக்குப் பிடிச்சுத்தான் பாத்திருக்கேன். இது வானத்துகிட்டப் பிச்சை கேக்குற மாதிரி இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்ததைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார், ஒரு கணம் பிந்தி.

அந்தப் பிந்தலை விசில்காரர் கவனித்தார். கவனித்துவிட்டு, கவனிக்காததுபோல வேறு பக்கம் பார்த்தார். மாப்பிள்ளைக்குக் குப்பி பொறுக்க இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி அவருக்குள் அப்போதே எழுந்துவிட்டது. முன்பெல்லாம் மாப்பிள்ளை பின்னால் ஒரு ஸ்டூலில், சுடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். வெடிச் சத்தத்துக்கு அடியில் குப்பி விழும் அந்தச் சின்னக் கிணுக்கு அவருக்குத் தனியாகக் கேட்கும். சிமென்டில் விழுந்தால் ஒரு மாதிரி, கல்லில் விழுந்தால் ஒரு மாதிரி. விசில் ஊதியதும் எழுந்து நேராகப் போய் எடுப்பார். காதுமூடி போட்டால் அது கேட்காதென்று வெறும் பஞ்சுதான் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் இப்போது ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, கண் இமைக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதன் பிறகு ஒரு காலை. உறுப்பினர்கள் யாரும் வரவில்லை. மாப்பிள்ளை சிமென்ட் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விசில்காரர் அவருக்குப் பின்னால் போய் நின்றார். விசிலை வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஊதாமல் போய்விடலாம் என்று தோன்றியது. ஊதினார். நீளமாக, மூச்சு முழுவதையும் விட்டு ஊதினார்.

துடைப்பம் நிற்கவில்லை. சுவர்மேல் உட்கார்ந்திருந்த காகம்தான் பதறி எழுந்து பறந்தது. காகம் பறப்பதைப் பார்த்து மாப்பிள்ளை திரும்பினார்.

"அட, எப்ப வந்தீங்க மச்சான்? சத்தமே காட்டாம நிக்கிறீங்க?"

விசில்காரர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே நுழையும் கதவில் ஒரு பலகை இருந்தது. 'விசில் கேட்காதவர் உள்ளே நிற்கக் கூடாது.' பாட்டுக் கேட்டுக்கொண்டே சுட வந்த ஒரு பணக்காரப் பையனுக்காக எழுதிவைத்தது. வாசகம் விசில்காரர் சொன்னது.

*

குடைக்குப் பிறகு ஜன்னல் கம்பிவலை. அதைச் சட்டம் அடித்து நிறுத்தியபோது, டாக்டரின் குப்பி வலையில் பட்டுத் திரும்பித் தெறித்து, அவருடைய சட்டைக் காலருக்குள்ளேயே போய் விழுந்தது. டாக்டர் துப்பாக்கியை மேசையில் போட்டுவிட்டு ஆடிய ஆட்டத்தை உறுப்பினர்கள் வெகுநாள் பேசினார்கள்.

"யோவ், என்னைய்யா பழி உனக்கு என்மேல? பல்லு வலிக்குதுன்னா வா, பாத்து விடறேன். இப்படியா வாங்குறது?"

மாப்பிள்ளை தலையாட்டினார். அன்று முழுவதும் கம்பிவலையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விறைப்பாக இருந்தால் வலை குப்பியைத் துப்பிவிடும், தொளதொளவென்று இருந்தால் விழுங்கிவிடும் என்று அவருக்குப் புரிந்தது. மறுநாள் பழைய பருத்தித் திரைச்சீலையோடு வந்தார். துணிமாட்டும் கம்பிகளை நிமிர்த்தி வளையமாக வளைத்து, அதில் சீலையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அடிப்பக்கத்தைக் குவித்து, அடிவெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கழுத்து கீழே வருமாறு வைத்துத் தைத்திருந்தது. மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் மாட்டி, குழாயை சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பாவில் நட்டிருந்தார். குப்பி சீலையில் மோதும், வேகம் செத்து வழுக்கும், பாட்டிலுக்குள் போய் விழும். மூடியைத் திருகினால் வாளியில் கொட்டிவிடும்.

அன்று டாக்டர் மேசையில் சுட்ட ஒரு குப்பிகூடத் தரையில் விழவில்லை. டாக்டர் மாப்பிள்ளையின் தோளில் ஓங்கித் தட்டினார். மாப்பிள்ளை பூரித்துப்போனார். ஒரு மேசையிலாவது இனிக் காதால் தேட வேண்டியதில்லை. அந்த முகத்தைப் பார்க்க விசில்காரருக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து அடுத்த வலைக்குச் சீலையை ஓட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். அண்ணன் வந்து உட்கார்ந்ததும் அவள் மெஷினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் தையல் ஓடும் சத்தம் மட்டும். அதற்குள் இன்னொரு சத்தம். குளியலறையில் வாளி நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

தங்கை எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே இருந்த குழாய்த் திருகை மூடிவிட்டு வந்தாள்.

"தெனமும் இதே வேலைண்ணே எனக்கு" என்றாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"நான் என்ன சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுறார். கல்யாணம் ஆன புதுசுல இப்படி ஆட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!" சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தலைசுத்தல், துணைக்கு வாங்கன்னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். வெடிச் சத்தத்துல நரம்பு செத்துப்போச்சாம். காதுல மிஷின் வச்சாலும் பாதிக்குப் பாதிதானாம். வச்சுக்கிட்டு உள்ள வந்தா உங்க செக்ரட்டரி கண்ணுல படாதா?"

"இவ்வளவு நாளா எப்படிச் சமாளிக்கிறார்?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுக்கிட்டுப் பாக்குறார் போல. அண்ணே, நமக்குத் தெரியும்னு அவர்கிட்டக் காட்டிக்காதீங்க. வீட்டுக்குள்ள என்கிட்டயே மறைக்கிறார். அது ஒண்ணுதான் தைரியமா வச்சிருக்கார். அதையும் புடுங்கிட்டா மனுஷன் உக்காந்துருவார்."

குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே மாப்பிள்ளை வந்தார். "மச்சான், டாக்டர் என்ன தட்டு தட்டினார் பாத்தீங்களா? தோள்பட்டையே இறங்கிப்போச்சு!" என்றார் உரக்க. இப்போதெல்லாம் எதையும் உரக்கத்தான் சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள். வேறென்ன செய்வது.

*

அது நடந்த அன்று நல்ல வெயில். மத்தியானச் சுற்று. உறுப்பினர்கள் மேசைகளில் துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சுட அனுமதி இருந்த நேரம்தான். யாருக்கும் அவசரமில்லாமல் ஒரு தொய்வு. யாரோ விசில்காரர் கையில் ஒரு டம்ளர் தேநீரைக் கொடுத்தார்கள். கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை வாயருகே கொண்டுபோய், கன்னத்தை உப்பி, ஊதினார்.

மாப்பிள்ளை ஸ்டூலிலிருந்து எழுந்தார். வாளியை எடுத்தார். கோட்டைத் தாண்டி நடந்தார்.

விசில்காரருக்கு ஒரு கணம் கண் பார்த்ததை மனம் ஏற்கவில்லை. கடைசி மேசையில் டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தியிருந்தார். அவருக்குக் குறிப்பலகையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. மாப்பிள்ளை குனிந்தபடி, முதல் மேசை, இரண்டாவது மேசை என்று அந்தப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தார்.

"நிறுத்து! மாப்ள! நிறுத்து!"

டம்ளர் உருண்டது. கொதிக்கும் தேநீர் உள்ளங்கையில் கொட்டியது. கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்து ஊதினார். எல்லோரும் உறைந்துபோய் நின்றார்கள். டாக்டரின் கை இறங்கியது. மாப்பிள்ளை மட்டும் குனிந்து ஒன்றை எடுத்து வாளியில் போட்டார். பிறகு இன்னொன்று. விசில்காரர் ஓடினார். சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

திரும்பிய முகத்தில் முதலில் பயம். பயத்தின்மேல் அவசர அவசரமாக ஒரு சிரிப்பு.

"என்ன மச்சான்? ஊதினீங்கல்ல?"

விசில்காரர் கீழே கிடந்த டம்ளரைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளாக மாப்பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. காதுக்குப் பதிலாக அவருக்கு மிச்சமிருந்தது மச்சானின் கன்னம்தான்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிஸ்டலை மேசையில் வைத்தார். "யோவ், ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா நான் பல்லுப் புடுங்குற வேலைய விட்டுட்டு ஜெயில்ல கல்லு ஒடச்சிட்டிருப்பேன்!"

"என் தப்பு டாக்டர். நான்தான் அவசரத்துல கைய காட்டிட்டேன்" என்றார் விசில்காரர்.

"மச்சானும் மாப்பிள்ளையும் வீட்டுச் சண்டைய வீட்லயே முடிச்சுக்கங்கப்பா. எங்கள வச்சு முடிக்காதீங்க" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரிப்பு. மாப்பிள்ளை தலையாட்டினார்.

அன்றிலிருந்து விசில்காரர் தேநீரை ஆறவைத்துத்தான் குடித்தார். ஆடை படிந்து, ஈ சுற்றி, வாயில் வைக்க விளங்காது. அதைத்தான் குடித்தார்.

"ஏன் மச்சான் டீய இப்படி ஆறப்போடுறீங்க?" என்று மாப்பிள்ளை ஒருநாள் கேட்டார். பதிலைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விசில்காரர் மென்று முழுங்கினார். கொட்டாவி வந்தால்கூடத் திரும்பிக்கொண்டார். இருமுவதற்கு வெளியே போய்விட்டு வந்தார். ஊதும்போதெல்லாம் கையையும் தூக்கினார். போவதற்குக் கை போதும். ஆனால் மாப்பிள்ளை குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவரைத் திரும்பக் கூப்பிட எந்தக் கையும் உதவாது. குனிந்தவர் எதைப் பார்ப்பார்?

*

செக்ரட்டரி எதையும் 'சிம்பிள்' என்று முடிக்கிறவர். விசில்காரர் அவர் அறைக்குப் போய், கோட்டுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு போட்டால் நல்லது என்று ஆரம்பித்தார். எரிந்தால் நிற்க வேண்டும், அணைந்தால் சுடலாம்.

"விசில்தான் இருக்கே. விளக்கு எதுக்கு? இங்க யாருக்குக் காது கேக்கல?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் விசில்காரர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனம் நீள நீளச் செக்ரட்டரி நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இல்ல சார்... நான் வலையப் பத்திச் சொல்ல வந்தேன். மாப்பிள்ளை ஒரு வலை செஞ்சிருக்கார். அத எல்லா மேசைக்கும் போட்டுட்டா, யாரும் அடிக்கடி கோட்டத் தாண்டிப் போக வேண்டியதில்ல. ஆபத்தில்ல பாருங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நல்ல யோசனை என்றும் பட்டது. ஆமாம், மாப்பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்துவிடலாம். பாட்டில்களைத் திருகிக் கொட்டினால் போதும். இது ஏன் முன்பே தோன்றவில்லை? உற்சாகமாகப் பேசினார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. குப்பி எப்படி மோதும், எப்படி வேகம் சாகும், எப்படிப் பாட்டிலில் விழும் என்று கையால் செய்தே காட்டினார்.

செக்ரட்டரி நேரில் வந்து பார்த்தார். தானே ஒரு வரிசை சுட்டார். பாட்டிலைத் திருகிக் கொட்டிப் பார்த்தார். குழந்தைபோல மறுபடியும் சுட்டு, மறுபடியும் கொட்டினார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் தையல் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது.

கடைசி வலைகள் மாட்டும் சமயத்தில் செக்ரட்டரி விசில்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சுடுறவங்களே அவங்கவங்க பாட்டில கழட்டி வாளியில கொட்டிட்டுப் போகட்டும். நான் மெம்பர்ஸ்கிட்டப் பேசிட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம்தான். இனிமே பொறுக்குறதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு? சிம்பிள்."

விசில்காரர் நின்றார்.

"சார், புல்லுல போய் விழுறது..."

"புல்ல எடுத்துட்டு சிமென்ட் போட்டுடலாம்."

"வலை கிழிஞ்சா..."

"கிழிஞ்சா தைக்கக் கொடுப்போம். அவர் வீட்டம்மாதான தைக்கிறாங்க? அவங்களுக்கே கொடுப்போம், எங்க இருந்தாலும். அந்த வீட்டக் காலி பண்ணினா குறிப்பலகை அட்டையெல்லாம் அங்க அடுக்கிக்கலாம், மழையில நனையுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். மனிதர் கெட்டவரில்லை. "நல்ல மூளைய்யா உங்க மாப்பிள்ளைக்கு. ஒரு டீ பார்ட்டி வச்சு அனுப்பலாம். நீங்களே சொல்லிடுங்க. சொந்தக்காரர், பக்குவமா சொல்லுவீங்க."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவருக்குக் காது கேட்காது சார், வேறெங்கும் வேலை கிடைக்காது, இந்த வீட்டையாவது விட்டுவையுங்கள் என்று. வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த மாதம் போகிற வேலை அந்த நிமிடமே போகும். அதோடு, இதுவரை மறைத்ததற்காகத் தன் விசில் வேலையும் போகும். அதைவிட, மாப்பிள்ளை அரும்பாடுபட்டு மறைத்தது ஊர் வாயில் விழும். சொல்லாவிட்டாலும் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர். "சரி சார்" என்றார். தன்னையறியாமல் தலையும் ஆடியது.

*

மாப்பிள்ளை கோட்டோரம் தரையில் உட்கார்ந்து கடைசி வலையின் வளையத்தைக் கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் தேநீர் மேசையைச் சுற்றி உறுப்பினர்கள். விசில்காரர் அவருக்கு எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து கன்னத்தைப் பார்த்தார். பிறகு உதட்டைப் பார்த்தார்.

"மாப்ள" என்றார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, கத்தாமல் சொன்னார். "அடுத்த மாசத்தோட உங்கள நின்னுக்கச் சொல்றாங்க. வலை வந்துட்டதால ஆள் வேண்டாமாம். வீட்டையும் காலி பண்ணணுமாம். நான்தான் மாப்ள வலையப் பத்திப் போய்ச் சொன்னேன். வேற ஒண்ணு சொல்லப் போய் இதச் சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சிரித்தார். தலையாட்டினார்.

"சரி மச்சான்" என்றார். "அடுத்து ரைஃபிள் பக்கத்துக்கும் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். அங்க குப்பி இன்னும் பெருசு. சீலை தாங்காது, சாக்குதான் சரி."

புரிந்துதான் அப்படிச் சொன்னாரா? விசில்காரர் அந்தக் கண்களைப் பார்த்தார். எதையும் படிக்க முடியவில்லை. கத்திச் சொல்லலாம். கத்தினால் தேநீர் மேசை முழுவதும் திரும்பும். வேறு வழி தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை, முடிந்தது, என்கிற பாவனையில்.

மாப்பிள்ளை அந்த உள்ளங்கையைப் பார்த்தார். தேநீர் கொட்டிய இடத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது. கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் ஆறலியா இது? மருந்து போடுங்க மச்சான். சொன்னா கேக்கவே மாட்டீங்க நீங்க" என்றார்.

விசில்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை விட்டபோது எழுந்தார்.

சுற்று ஆரம்பித்தது. ஒவ்வொரு மேசைக்கு வலப்புறமும் ஒரு வலை, காற்றில் லேசாக அசைந்துகொண்டு. வெடித்தது. குப்பிகள் சீலையில் மோதி வழுக்கின. விசில்காரர் கன்னத்தை உப்பி நீளமாக ஊதினார், கையைத் தூக்கினார். உறுப்பினர்கள் துப்பாக்கிகளை வைத்துவிட்டு ஆளுக்கொரு பாட்டிலைத் திருகினார்கள். பித்தளை வாளியில் கொட்டும் சத்தம் மழைபோல எழுந்து அடங்கியது. எல்லாம் முடிந்தது. தரை சுத்தமாக இருந்தது.

மாப்பிள்ளை தன் பழைய வாளியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.

குனிந்து சரளையில் தேடிக்கொண்டே போனார். ஒன்றும் இல்லை. கல்லைக் காலால் விலக்கிப் பார்த்தார். புல்லை இரு கையாலும் பிரித்துப் பார்த்தார். முதல் மேசைக்கு நேராகத் தொடங்கி, ஓர் இடம் விடாமல் மெதுவாக நகர்ந்தார்.

"என்னய்யா இது, எல்லாம்தான் பாட்டில்ல விழுந்துருச்சே?" என்றார் டாக்டர். "கூப்பிடுங்க அவர. சுட வேண்டாமா?"

யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் காதுமூடியைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தொடாமல், தொட ஆசையாய் நின்றார். விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். காந்தியது.

புல்லோரத்தில் மாப்பிள்ளை நின்றார். எதையோ எடுத்தார். பழையது போலிருக்கிறது, எப்போதோ தப்பியது, மண்ணேறிக் கருத்திருந்தது. வேட்டையில் கிடைத்ததைக் காட்டுவதுபோல அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து மச்சானைப் பார்த்துச் சிரித்தார்.

விசில்காரர் தலையாட்டினார்.

மாப்பிள்ளை அதை வாளியில் போட்டுவிட்டு மறுபடியும் குனிந்தார். போட்ட சத்தம் இங்கே எல்லோருக்கும் கேட்டது.